நாலாவது பூங்காவுக்கு அப்பால்

நாலாவது பூங்காவின் முனையில் சவப்பெட்டியைச் சக்கர வண்டியிலிருந்து எடுத்துத் தோளில் ஏற்றினார்கள். முன்பக்கம் கார்த். அவனை அங்கே நிறுத்தியதே கெரின்தான். “அப்பாவோட இருபது வருஷம் ஒரே ஆபீஸ்ல இருந்தவரு, நீங்கதான் முன்னால பிடிக்கணும்” என்று அவள் போனில் சொன்னபோது அவன் உடனே ஒப்புக்கொண்டான். முட்டாள், நம்பிவிட்டான்.

ஓடைக்கரையில் சவ ஊர்தி காத்திருந்தது. சாலையில் சுற்றிப் போயிருக்கலாம். கெரின் பூங்காக்கள் வழியாகத்தான் கூட்டிவந்தாள். எல்லாம், நகராட்சியில் வரைபடம் போடும் வேலையிலிருந்த அப்பா மெர்வ் வரைந்தவை. ஆடு மேய்ந்த யாரம்பீ ஊரில் புதுக் குடியிருப்பு எழும்பியபோது, ஒரு குழந்தை சாலையைக் கடக்காமலே மேட்டிலிருந்து ஓடைக்குப் போகட்டும் என்று ஐந்து பூங்காக்களை ஒரே நடைபாதையில் கோத்தவர் அவர். நாலாவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவே இருந்த துண்டை, மேலதிகாரி கார்த் ‘சும்மா கிடக்கிற நிலம்’ என்று சொல்லி மனையாக்கினான். அதைத் தானே வாங்கி வீடும் கட்டிக்கொண்டான். பதினொரு வருஷம், தினமும் சாயங்காலம், மெர்வ் நாயோடு அந்த வேலிவரை நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். ஒரு புகார்கூட எழுதவில்லை. வயிறெரிந்தது கெரினுக்கு. உயிரோடு போக முடியாத வழியில் அவர் இன்றைக்காவது போக வேண்டும், அதுவும் இவன் தோள்மேல்.

“பாதை முடிஞ்சிருச்சேம்மா. யாரு வீட்டு வேலி இது?” என்றார் பின்னால் பிடித்திருந்த ஆல்பி சித்தப்பா. அவருக்குத் தெரியாதா என்ன?

“கார்த்தோடது, சித்தப்பா.”

கார்த்தின் கழுத்து சிவந்தது. “கெரின், விளையாடாத. சுத்திப் போயிரலாம்.”

“அவரு சுத்தினது போதும். கேட்டைத் திறக்கச் சொல்லுங்க.”

“பூட்டியிருக்கு.”

“நிக்கிறோம். அவருக்கு என்ன அவசரம்?”

அறுபது பேர் வேலியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்கள். “கனக்குதுப்பா, சட்டுனு சொல்லு!” என்றார் சித்தப்பா.

“ரோஸ்லின்!” என்று கார்த் வேலிக்கு மேலே மனைவியைக் கூப்பிட்டுக் கத்தினான். “பின் கேட்டைத் திற!”

கொடியில் அவனுடைய உள்ளாடைகள் காய்ந்துகொண்டிருந்தன. பெட்டி இடிக்காமலிருக்க அவனே ஒரு கையால் கொடியைத் தூக்கிப் பிடித்தான். யாரோ சிரிப்பை இருமலாக்கினார்கள். கெரினுக்கு அது தேனாக இனித்தது. தோட்டம் தாண்டியதும் வேறொருவரிடம் தோளை மாற்றிக் கொடுத்துவிட்டு, அவன் ஓடிப்போய் அந்தப் பக்கத்துக் கேட்டைத் திறந்து பிடித்தான்.

பெட்டி ஐந்தாவது பூங்காவுக்குள் இறங்கியது. கார்த்தின் புல்தரையை மிதித்துக்கொண்டு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். கார்த் கேட்டைச் சாத்தப் போனான். பின்னால் இன்னொருத்தி வந்துகொண்டிருந்தாள். மஞ்சள் சட்டை, தள்ளுவண்டியில் குழந்தை. சாவுக்கு வந்தவள் இல்லை.

“ஓடைக்கு இப்படிப் போகலாமா?” என்று கேட்டாள்.

“போகலாம்” என்றாள் கெரின்.

தள்ளுவண்டியின் சக்கரம் கேட்டின் படியில் சிக்கியது. கார்த் குனிந்து அதைத் தூக்கி விட்டான்.