மொதல்ல துக்கம்

"அந்தச் சல்லடைய நேத்தும் கழுவுன, முந்தாநாளும் கழுவுன. ஓட்டையெல்லாம் பெருசாப் போச்சு புள்ள, எந்திரி," என்றார் கணபதி.

அன்னலட்சுமி எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் யசோதினிக்குக் கல்யாணம். இன்று வியாழன். கட்டுகஸ்தோட்டை முழுக்கச் சொல்லியாயிற்று. பெண்ணின் தாய்மாமன், நாவலப்பிட்டியில் இருக்கும் அவளுடைய சொந்த அண்ணன் வீரய்யாவுக்கான பத்திரிகை மட்டும் பெயர் எழுதாமல் அலுமாரியில் கிடந்தது.

அண்ணன் மனைவியான மதினி நோயில் கிடந்தபோது அந்த முகத்தைப் பார்க்கப் பயந்து, "நாளைக்கு வர்றேன்ணே" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தாள். இழவன்று காய்ச்சலென்று படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு எந்த முகத்தோடு போவது என்று தள்ளிப்போட்டதிலேயே பதினொரு மாதம் ஓடிவிட்டது.

"துக்கம் கேக்காத வீட்டுக்குக் குங்குமத்தோட போவாங்களா?"

"மொதல்ல துக்கம் கேளு. தட்டு, பத்திரிகையோட நான் ரோட்ல நிக்கிறேன்."

"ஒரே நாள்ல ரெண்டுமா? காறித் துப்புவாங்க."

"துப்புனா தொடச்சிக்குவோம். மணவறையில மாமன் எடத்துல யார நிறுத்துவ? என்னையவா?"

இரண்டு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது மழை பிடித்திருந்தது. கணபதி ரோட்டில் நின்றுகொண்டார். கதவைத் திறந்த அண்ணனைக் கட்டிக்கொண்டு அழவேண்டியவள் நிலைப்படியிலேயே நின்றாள். சுவரில் மதினியின் படம். அழுகை வந்தது. யாருக்காக என்றுதான் தெரியவில்லை.

வீரய்யாவே தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டு வந்தார்.

"மச்சான் வரலியா?"

"ரோட்ல நிக்கிறாரு."

"மழையிலயா? ஏன்?"

இதுதான் இடம். பிள்ளைக்குக் கல்யாணம்ணே, நீங்கதான் வந்து நிக்கணும். அவ்வளவுதான். வாயைத் திறந்தாள்.

"சீனி கூடிருச்சுண்ணே," என்றாள்.

அவர் உள்ளே போய், ஒரு பையோடு வந்து, ஒரு காதைப் பிடித்தபடியே அதைக் கதிரைமேல் வைத்தார். உள்ளே மாம்பழ நிறச் சேலை.

"யசோதினிக்கு. படுக்கையில கெடந்துக்கிட்டே ஒங்க மதினி எடுக்கச் சொன்னா. மாமன் வீட்டுச் சேல. கல்யாணச் சேதி எனக்கும் வந்துச்சு. கூப்பிட்டா மாமன் கொண்டாருவான். கூப்பிடலன்னா நீயே கொண்டு போயிரு."

"நாளைக்கு வந்து மொறையா அழைக்கிறேண்ணே."

நாளைக்குப் பந்தக்கால். பெண்ணைப் பெற்றவள் வீட்டை விட்டு நகர முடியாது. அது அண்ணனுக்கும் தெரியும்.

"அவ படுக்கையில கெடந்தப்பவும் இதேதான் சொன்ன," என்றார். குரலில் கோபம்கூட இல்லை.

கீழே ரோட்டில் பஸ் ஹோர்ன் அடித்தது. "புள்ள, கடைசி பஸ்ஸு!" என்று கணபதி கத்துவது மழைக்குள் கேட்டது. அன்னலட்சுமி எழுந்தாள். அவள் கை பையின் ஒரு காதைப் பிடித்திருந்தது. மற்றக் காதை அண்ணன் இன்னும் விடவில்லை.