கோபுரத்துக்கு வடக்கே

எங்கள் மோட்டார் காலையில் ஓடும், உச்சிவேளையில் நின்றுவிடும், வெயில் சாய்ந்த பிறகு மறுபடி ஓடும். சூரிய ஒளியில் ஓடும் மோட்டார் இப்படிச் செய்யக் கூடாது. வெயில் ஏற ஏறத் தண்ணீர் கூட வேண்டும்.

பக்கத்து நிலத்துக்காரர் தர்மராஜ் மாமா வரப்பில் நின்று சிரித்தார்.

“இன்னா ஞானதாசு, கவுர்மெண்ட்டு மோட்டாருன்றதால மத்தியானம் சாப்பாட்டுக்குப் போயிடுதா?”

“ஆமா, சாப்ட்டு ஒரு தூக்கம் போட்டுட்டு வரும். நீ போய் உன் வேலய பாரு,” என்றார் அப்பா. அவர் சிரிக்கவில்லை.

அது தை மாதம். தர்பூசணிக் கொடிகள் பூத்துப் பிஞ்சு விட்டிருந்தன. எங்கள் நிலம் ஈசிஆருக்கு மேற்கே, பாதிக்குமேல் மணல். காலையில் பாய்ச்சியதை மதியத்துக்குள் குடித்துவிடும். காலை வெயிலில் வரும் தண்ணீருக்கு வேகம் இல்லை, பாதி நிலத்தோடு அது மணலில் இறங்கிவிடுகிறது. உச்சிவேளைத் தண்ணீர்தான் மேற்கு வேலி வரை போய்ச் சேரும். அது வராததால் மேற்குப் பாதியில் இலைகள் சுருளத் தொடங்கியிருந்தன. பிஞ்சுகள் எலுமிச்சை அளவில் நின்றுவிட்டன. சில காம்போடு உதிர்ந்து கிடந்தன.

அப்பா கொத்தனார். மாமல்லபுரத்தில் ஓட்டல்களும் கல்பாக்கத்தில் வீடுகளும் கட்டிய கூலியில் வாங்கிய நிலம் இது. அதற்கு முன் எங்கள் குடும்பத்தில் யாருக்கும் நிலம் இருந்ததில்லை, மற்றவர்கள் நிலத்தில் வேலை செய்தவர்கள். போர் போட்டதும் இலவச மின்சாரத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு வருஷக்கணக்கில் வரிசையில் காத்திருந்தோம். எங்கள் நிலத்துக்கு மேலேயே பெரிய மின்கம்பிகள் போகின்றன. ஈரக்காற்று அடிக்கும் நாளில் அவை இரைவது கீழே கேட்கும். “கரண்ட்டு பேசுது, எறங்கித்தான் வர மாட்டேங்குது,” என்பாள் அம்மா.

பிறகு சூரிய மோட்டாருக்கு மானியம் தருகிறார்கள் என்று தெரியவந்தது. செலவில் பெரும்பங்கை அரசு ஏற்கும். ஒரு நிபந்தனை இருந்தது. இலவச மின்சார வரிசையில் நமக்கு இருக்கும் இடத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். அப்பா பல நாள் யோசித்துக் கையெழுத்துப் போட்டார். எங்களுக்காகச் சபையில் ஜெபித்தார்கள். மானியம் கிடைத்தால் ஆலயத்துக்குக் கூலி வாங்காமல் கோபுரம் கட்டித் தருவதாக அப்பா பொருத்தனை செய்துகொண்டார்.

வைகாசியில் உத்தரவு வந்தது. ஆனியில் பேனல்கள் வந்தன. போர் இருப்பது நிலத்தின் தெற்கு ஓரத்தில். அதன் பக்கத்திலேயே கான்கிரீட் கால்கள் எழுப்பிப் பேனல்களைப் பூட்டினார்கள். வேலிக்கு அந்தப் புறம் ஆலயம். அப்போது அது குட்டையான ஓட்டுக் கட்டடம். பார்வையிட வந்த அதிகாரி நடுவெயிலில் நின்று சுற்றிலும் பார்த்தார். நிழல் விழவில்லை என்று குறித்துக்கொண்டார். அது உண்மைதான்.

ஆடியில் அப்பா கோபுரத்துக்குக் கடைக்கால் தோண்டினார்.

மோட்டார் நிற்க ஆரம்பித்த வாரம் கம்பெனிக்குப் போன் செய்தேன். எனக்குப் போனில் பேசுவது கஷ்டம். சொல்ல வேண்டியதை முதலில் மனத்துக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். திருப்போரூரிலிருந்து லோகு என்ற மெக்கானிக் வந்தார். அவர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

“சூப்பரா ஊத்துதே தங்கச்சி. இதுக்கா கூப்ட்ட?”

“மத்தியானம் நின்னுடுதுண்ணா.”

“நான் வர்ற நேரத்துல நின்னாத்தான நான் பாக்க முடியும்?”

பேனல்களைத் துடைத்தார். பெட்டியைத் திறந்து மூடினார். எல்லாம் சரியாக இருக்கிறது என்றார். இந்த மோட்டாரைத் தூக்கிவிட்டு டீசல் எஞ்சின் வைத்துக் கொஞ்ச நாள் இறைக்கலாமா என்று அப்பா கேட்டார்.

“தூக்கினீங்கன்னா கம்பெனி கைய கழுவிடும் அண்ணாத்த. அப்புறம் ஒரு ஸ்க்ரூ போனாக்கூட வர மாட்டாங்க. போரு வேற சின்னது, ரெண்டு பைப்பு எறங்காது.” வண்டியில் ஏறும்போது, “மானியத்துல வந்த பொருளு, பாத்து,” என்றார்.

மறுநாள் காலை நான் பேனல்களுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் இயற்பியல் படித்தவள். ஒரு பொருள் ஏன் நிற்கிறது என்று பார்க்க வேண்டுமானால் அது நிற்கும்போது கூட இருக்க வேண்டும்.

வெயில் ஏறியது. தண்ணீரின் சத்தம் கனத்தது. பிறகு மேற்கு ஓரப் பேனலில் ஒரு கறுப்புக் கோடு விழுந்தது. கோடு அகன்று பட்டையாயிற்று. தண்ணீர் மெலிந்தது. பட்டை அடுத்த பேனலைத் தொட்டது. மோட்டார் ஒருமுறை உறுமி அடங்கியது. தொட்டியில் கடைசிச் சொட்டுகள் விழுந்தன. நான் திரும்பி அண்ணாந்து பார்த்தேன். அப்பாவின் கோபுரம் சூரியனை மறைத்துக்கொண்டு நின்றது.

பேனல்கள் ஒன்றையொன்று சங்கிலிபோலக் கோத்து நிற்பவை. சிலவற்றில் நிழல் விழுந்தால் வெயிலில் இருக்கும் மற்றவற்றாலும் மோட்டாரை இழுக்க முடியாது. அது எனக்குத் தெரியும். ஆனியில் உச்சிச்சூரியன் எங்களுக்குச் சற்று வடக்கே நிற்கும், நிழல் தெற்கே போகும் என்பதும் தெரியும். தையில் சூரியன் தெற்கே நிற்கும். எல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் ஐப்பசியும் கார்த்திகையும் மழை மூட்டமாகவே போயின. மழையில் மோட்டாருக்கு வேலை இல்லை, நிலத்தில் யார் நிழலும் இல்லை. அந்த மூட்டத்துக்குள்ளேயே கோபுரம் பனைமரத்தைத் தாண்டி வளர்ந்துவிட்டது. ஈசிஆரில் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரிய வேண்டும் என்று வாலிபர் சங்கத்தார் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உயரம் ஏற்றச் சொன்னார்கள். உச்சியில் மாமல்லபுரம் பட்டறையில் செதுக்கிய கருங்கல் சிலுவை.

அன்று சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார்.

“தெரியும்,” என்றார்.

“எப்போப்பா?”

“மழ உட்ட மொத நாளே தெரிஞ்சி போச்சி. கட்னவனுக்குத் தெரியாதா?”

“அப்போ லோகு அண்ணன எதுக்குக் கூப்பிடச் சொன்னீங்க?”

“வேற எதாச்சும் கோளாறா இருக்கட்டும்னுதான்.”

அம்மா உள்ளிருந்து வந்தாள். “பாஸ்டராண்ட சொல்லு. ஜெபக்குமார் பாஸ்டரு நல்ல மனுசன். எதாச்சும் வழி சொல்லுவாரு.”

“இன்னா வழி சொல்லுவாரு? இடிப்பாங்களா? அதயும் நாந்தான் போய் இடிக்கணும். இந்த மோட்டாரு வரணும்னு ஊரே முட்டி போட்டுச்சி ராஜம். அவுங்களாண்ட போயி, உங்க கோபுரத்தால என் பயிரு போச்சின்னு சொல்லச் சொல்றியா?” பிறகு என்னைப் பார்த்தார். “நீ யாராண்டயும் வாயத் தொறக்கக் கூடாது, ஷாரோன்.”

நான் வாயைத் திறக்கிறவள் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் சொன்னார்.

அவரிடம் சொல்லாமல் செங்கல்பட்டு போனேன். பஸ் முழுக்க வாக்கியத்தை ஒத்திகை பார்த்தேன். பேனல்களை நிலத்தின் வடக்குப் பக்கம் மாற்ற அனுமதி வேண்டும். அவ்வளவுதான். மானியம் கொடுத்த அலுவலகத்தில் இருந்த மேடம் கோபப்படவில்லை, உட்காரச் சொன்னார். நான் நிழல் எப்படி விழுகிறது என்று தாளில் படம் போட்டுக் காட்டினேன். ஆர்வமாகப் பார்த்தார்.

“நல்லா புரியுதும்மா. ஆனா வச்ச எடத்துலேருந்து குறிப்பிட்ட காலத்துக்கு நகத்தக் கூடாது. செயற்கைக்கோள்ல எடத்தப் பதிஞ்சிருக்கோம். நகத்தினா மானியத்துல வாங்கி வேற எங்கயோ வித்துட்டதா ஆயிடும்.”

“எங்க நிலத்துக்குள்ளயேதான் மேடம்.”

“எனக்குப் புரியுது. எழுதி மேல அனுப்பறேன். புதுசா கால் கட்டணும், ஒயர் இழுக்கணும், அந்தச் செலவுக்கு மானியம் வராது. அனுமதி வர்றதுக்கே இந்த பயிர் முடிஞ்சிடும்.”

“பழையபடி இலவச கரண்ட் வரிசையில…”

“அது விட்டுக் குடுத்தது குடுத்ததும்மா. கடைசிலேருந்துதான் வரணும்.” நான் எழுந்தபோது, “அந்த கோபுரத்த கட்டினவங்க யாரோ, கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்,” என்றார்.

நான் தலையாட்டினேன்.

தை கடைசி ஞாயிறு கோபுரப் பிரதிஷ்டை. ஆலயத்துக்குள் இடமில்லாமல் ஜன்னலோரம் நாற்காலி போட்டிருந்தார்கள். நான் வடக்கு ஜன்னலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வெளியே எங்கள் தொட்டியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. சிறப்பு விருந்தினர் தாமதமாக வந்தார். ஒன்பதுக்குத் தொடங்க வேண்டிய ஆராதனை வெகுநேரம் கழித்துத் தொடங்கியது. பாட்டும் வாழ்த்துரையும் நீண்டன. நான் எதையும் கேட்கவில்லை. தண்ணீரைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

பாஸ்டர் ஜெபக்குமார் அப்பாவை முன்னே அழைத்துப் பொன்னாடை போர்த்தினார். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் விறைப்பாக நின்றார். “கூலி வாங்காத கரங்கள்,” என்றார் பாஸ்டர். “ஆண்டவர் இவருக்கு நீர் தந்தார். இவர் ஆண்டவருக்கு கோபுரம் தந்தார். எல்லாரும் கண்களை மூடுவோம்.”

கண்களை மூடினார்கள். அப்போது வெளியே தண்ணீர் மெலிந்தது. மோட்டார் உறுமி அடங்கியது. ஆலயத்துக்குள் அதுவரை இருந்த இரைச்சல் சட்டென்று இல்லாமல் போனது எல்லாருக்கும் தெரிந்தது.

பாஸ்டர் ஜெபத்தை நிறுத்திப் புன்னகையோடு சொன்னார். “பாருங்க. ஜெப நேரத்துல சத்தம் இருக்கக் கூடாதுன்னு நம்ம ஞானதாஸ் பிரதர் மோட்டாரக்கூட நிறுத்தச் சொல்லிட்டு வந்திருக்கார். ஸ்தோத்திரம்!”

“ஸ்தோத்திரம்!” என்றது சபை.

எனக்குப் பின்னால் தர்மராஜ் மாமா, “மோட்டாருக்கும் பக்தி வந்துடுச்சிடா,” என்று யாரிடமோ முணுமுணுத்தார். யாரோ சிரிப்பை அடக்கினார்கள். அப்பா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். சால்வையின் ஓரத்தைக் கை பிடித்திருந்தது.

ஆராதனை முடிந்து எல்லாரும் கோபுரத்துக்கு வடக்கே வந்து நின்றார்கள், அங்கேதான் நிழல் இருந்தது. வேலியைத் தாண்டி எங்கள் பேனல்களுக்கு அடியிலும் பிள்ளைகள் போய் உட்கார்ந்தார்கள். பிரியாணிப் பொட்டலம் கொடுத்தார்கள். பாஸ்டர் என்னிடம் வந்தார்.

“ஷாரோன், உனக்கு ஏதோ சொல்லணும்போல இருக்கே. ஆராதனை முழுக்க ஜன்னலையே பாத்துட்டிருந்த.”

வாக்கியம் தயாராக இருந்தது. கோபுரத்தின் நிழல் எங்கள் பேனல்கள்மேல் விழுகிறது. அவ்வளவுதான். பாஸ்டரின் தோளுக்குப் பின்னால் அப்பா தெரிந்தார். சிறப்பு விருந்தினர் அவர் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தார். அப்பாவின் கண்கள் என்மேல் இருந்தன.

“சொல்லும்மா.”

“கோபுரம் நல்லா இருக்கு பாஸ்டர்,” என்றேன்.

“எல்லாம் உங்கப்பா,” என்று என் தலையில் கைவைத்து ஆசீர்வதித்துவிட்டுப் போனார்.

மறுநாள் உச்சிவேளையில் அப்பாவைத் தேடிப் போனேன். பேனல்களுக்கு அப்பால் மணலில் குந்தியிருந்தார். கையில் சுத்தியல். கோபுரத்தின் நிழல் பேனல்களைக் கடந்து அங்கே வந்து முடிந்தது. நுனியில் சிலுவையின் நிழல். அதன் தலை இருந்த இடத்தில் ஒரு கம்பித் துண்டை அடித்துக்கொண்டிருந்தார். அதற்கு வடக்கே, வரிசையாக, நிறையக் கம்பித் துண்டுகள் இருந்தன. மழை விட்ட நாளிலிருந்து அடித்து வந்திருக்கிறார். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் கையகலம் இடைவெளி. பழைய கம்பிகளில் துரு ஏறியிருந்தது.

“பின்னால போவுது பாத்தியா,” என்றார். “தெனம் கொஞ்சம் போவுது.”

“ஆமாம்பா.”

“பேனல உட்டு எப்போ போவும்? நீ படிச்சவ, கணக்கு போட்டிருப்ப.”

போட்டிருந்தேன். மாசி கடைசியில் போகும். அடுத்த புரட்டாசியில் திரும்ப வரும். ஒவ்வொரு வருஷமும் வரும்.

“சீக்கிரம் போயிடும்பா.”

“போவும்ல?”

“போவும்.”

அவர் எழுந்து முழங்காலில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார். தொட்டியில் காலையில் பிடித்த தண்ணீர் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அம்மா இரண்டு குடங்களைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். அப்பா ஒன்றை மொண்டார், நான் ஒன்றை மொண்டேன். மேற்குப் பாதிக்கு நடந்தோம். மணல் சுட்டது. வேலி வரை எல்லாக் கொடிகளும் ஒரேமாதிரிச் சுருண்டு கிடந்தன.

“எந்த வரிசைக்குப்பா?” என்றேன்.

அப்பா குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் கொடிகளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.