மிச்சமிருந்த வளர்ச்சி

என் மகள் சஃப்ரீனுக்கு வலது காலைவிட இடது கால் குட்டை. கைக்குழந்தையாக இருந்தபோது முட்டியில் சீழ் வைத்து, எலும்பு வளரும் இடம் பாதி கெட்டுப்போனது. போன வருஷம், அவளுடைய பதினோரு வயதில், பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் ஒரு வழி சொன்னார். நீளக் காலின் முட்டியில் சின்ன ஆபரேஷன் செய்து அதன் வளர்ச்சியை நிறுத்திவிட்டால், குட்டைக் கால் மெல்ல வளர்ந்து அதை எட்டிப்பிடித்துவிடும். ஆனால் நேரம் பார்த்துச் செய்ய வேண்டும். முந்தினால் நீளக் கால் குட்டையாகிவிடும், பிந்தினால் பிரயோஜனமே இல்லை.

அன்று அவளைக் கூட்டிப்போனது என் வீட்டுக்காரர் ரஹ்மத்துல்லா. எனக்குக் காய்ச்சல். அந்தக் காய்ச்சலோடே நானும் போய்த் தொலைத்திருக்கலாம் என்று இப்போது பற்றிக்கொண்டு வருகிறது.

பிள்ளை பெரியவளாகிவிட்டாளா என்று டாக்டர் கேட்டிருக்கிறார். இவர் இல்லை என்றிருக்கிறார். அவள் பெரியவளாகி அப்போதே ஆறு மாதம்! கையை எக்ஸ்ரே எடுக்க டாக்டர் சீட்டும் எழுதிக் கொடுத்திருக்கிறார். கை எலும்பைப் பார்த்தால் உடம்பில் வளர்ச்சி எவ்வளவு மிச்சம் என்று தெரியுமாம். நம் ஆளோ தாராவியில் தோல் பட்டறை நடத்தும் பெரிய அறிவாளி. கால் கோளாறுக்கு எவனாவது கையைப் படம் பிடிப்பானா என்று சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். உடனே படமெடுத்து வந்து காட்டுங்கள், இன்னும் பெரியவளாகாததால் ஆபரேஷனுக்கு எப்படியும் ஒரு வருஷம் இருக்கும் என்று டாக்டர் சொன்னதில், பின்பாதி மட்டும்தான் வீடு வந்து சேர்ந்தது.

இந்தத் திங்கட்கிழமை நானும் போனேன். முதல் வேலையாகக் கையைப் படம் எடுத்தார்கள். டாக்டர் அதைப் பார்த்துவிட்டு, எத்தனை மாதமாக மாதவிலக்கு என்று என்னிடம் கேட்டார். ஒன்றரை வருஷம் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். வளர்ச்சி முடிந்துவிட்டது, போன வருஷம் செய்திருந்தால் கால்கள் ஏறக்குறைய சமமாகியிருக்கும் என்றார். இப்போது வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டர். ஒன்று, ஆயுசுக்கும் செருப்பில் கட்டை வைத்து நடக்க வேண்டும். இல்லாவிட்டால் தொடை எலும்பை வெட்டி, வெளியே கம்பி பூட்டி, தினம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி மாதக்கணக்கில் இழுக்க வேண்டும்.

யோசித்துச் சொல்கிறோம் என்று மூவரும் வராந்தாவுக்கு வந்தோம். எனக்குக் கண்மண் தெரியவில்லை. போகிற வருகிறவர்கள் நின்று பார்க்கிற அளவுக்கு இவரை வாங்குவாங்கென்று வாங்கினேன். டாக்டரிடம்கூடவா ஒரு மனுஷன் பொய் சொல்வான் என்று கேட்டேன்.

"டாக்டருக்குப் படிக்கிற பயலுவ பத்துப் பேரு நோட்டும் கையுமா சுத்தி நிக்கானுவ. அவனுவ முன்னால எப்படிச் சொல்ல?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நீதானே, யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்குன?"

வாங்கினேன்தான். பிள்ளை பெரியவளான விஷயம் இவர் அக்கா, உல்லாஸ்நகர் மைனி காதுக்குப் போனால், மறுநாளே தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்து உட்கார்ந்துவிடுவாள். அதனால் இவரிடமும் வாங்கினேன், பிள்ளையிடமும் வாங்கினேன். அதற்காக டாக்டரிடமுமா என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். அதில் பாதிக் கோபம் என்மேல்தான்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த சஃப்ரீன் எழுந்தாள். அவள் எங்களிடம் குரலை உயர்த்தி நான் பார்த்ததில்லை.

"அன்னைக்கு நானும் அந்த ரூம்லதான் நின்னேன். டாக்டர் வாப்பாகிட்ட கேட்டாரு, வாப்பா உங்களுக்குப் பயந்து பதில் சொன்னாங்க. நான் வாயத் தொறந்தா வீட்டுக்கு வந்து நீங்க கொன்னுருப்பீங்க. என் காலும்மா இது. என்கிட்ட யாரு கேட்டீங்க?"

நான் கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. சாய்ந்து சாய்ந்து நடந்துபோய் டாக்டர் அறைக் கதவைத் தட்டினாள். அவள் பின்னாலேயே இவர் போனார். வாசலில் அவள் திரும்பி, "நீங்க வராதீங்க வாப்பா" என்றாள்.

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் இந்தியில் ஏதோ கேட்பதும், டாக்டர் நிதானமாகப் பதில் சொல்வதும் லேசாகக் கேட்டன. நாங்கள் இரண்டு பேரும் வெளியே நின்றோம்.