தட்டுச் செம்பருத்தி

தேயிலைச் செடி செத்ததா பிழைத்ததா என்று சொல்லக் காளியண்ணனுக்கு ஒரு கணம் போதும். கிளை கழிக்கும் கவாத்துக் கத்தியின் நுனியால் தண்டைச் சுரண்டுவான். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர். பழுப்பென்றால் கதை முடிந்தது. மலைச்சரிவில் கவாத்து வெட்டியே தலை நரைத்தவன், இந்தச் சோதனையில் ஒருநாளும் தோற்றதில்லை.

அதனால்தான் அன்று வாசலில் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தான். மனைவி திலகத்தின் செம்பருத்தியை நுனியிலிருந்து அடிவரை சுரண்டிப் பார்த்தாயிற்று. எல்லாம் பழுப்பு.

கல்யாணமாகிக் கீழே தெலுக் ஆன்சன் ஊரிலிருந்து மலையேறி வந்தபோது, திலகம் மடியில் வைத்துக் கொண்டுவந்த செடி அது. அங்கே ஒரு துரை வீட்டில் தோட்டவேலை பார்த்தவள். பூ சோற்றுத்தட்டு அகலம் இருக்கும் என்றாள். அதற்குமேல் அவள் பெரிதாக எதுவும் பேசியதில்லை. அவனும் பேச்சில் கஞ்சன். இருவரும் அடுப்பருகே உட்கார்ந்து குளிரையும் மௌனத்தையும் பங்குபோட்டுக்கொள்வார்கள்.

தைப்பூசத்துக்கு அம்மா வீட்டுக்குப் புறப்பட்டவள், பஸ் படியில் நின்று, "செடியப் பாத்துக்குங்க" என்றாள். மாசி பிறந்தும் திரும்பவில்லை. அந்தப் பெண் இனி எங்கே வரப்போகிறது என்று தோட்டத்து லைன் வீடுகள் முழுக்கப் பேச்சு. செடி இருக்கிறவரை வருவாள் என்று காளியண்ணன் நம்பியிருந்தான்.

செத்த தேயிலையை வேரோடு பிடுங்குவதுதான் தோட்டத்து வழக்கம். பிடுங்கினான். எரிக்க மனம் வராமல் வேரை விறகுக் கொட்டகையில் போட்டான். பிரிஞ்சாங் டவுனுக்குப் போய்ச் சாதாரணச் செம்பருத்தி ஒன்றை வாங்கிவந்து அதே குழியில் நட்டான்.

மறுநாள் திலகம் வந்து நின்றாள்.

"இது என்னங்க?"

"ஒன் செடிதான்."

"மஞ்சப் பூவால்ல இருக்கு?"

"குளிருலா... நெறம் மாறிருச்சு."

திலகம் அவனையே பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான். கூரை உதவவில்லை.

"செத்துப்போச்சு திலகம். சொரண்டிப் பாத்தேன். பச்சையே இல்ல."

"வருசா வருசம் தண்டு அப்படித்தாங்க காயும். தொர வீட்டுல நாங்களே தரையோட வெட்டி விட்டுருவோம். உசுரு வேருல இருக்கு. வேரு எங்க?"

கொட்டகையில் வேர் இல்லை. கைக்கு வாட்டமாய் ஒரு கட்டை கிடந்ததென்று பக்கத்து வீட்டு ஆண்டியப்பன் எடுத்துப்போனானாம். திலகம் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே காளியண்ணன்.

லைன் கோடியில், சரிவில், ஆண்டியப்பனின் மோட்டார் சைக்கிள் நின்றது. பிரேக் இல்லாத வண்டி. முன்சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்தது அந்த வேர். அதன் ஓரத்தில் சிவப்பாக, எலிப்பல் அளவுக்கு, ஒரு முளை.

"உசுரோட இருக்கு!" என்று திலகம் வேரை உருவினாள்.

வண்டி தோட்டம் பார்க்கப் புறப்பட்ட மேனேஜரைப்போல நிதானமாகக் கிளம்பியது. கங்காணியின் மிளகாய்ப் பாத்திக்குள் புகுந்தது. வாத்துகளைக் கலைத்தது. பிறகு நிதானத்தை இழந்தது. கைலியைப் பிடித்தபடி ஆண்டியப்பன் பாய்ந்து வந்தான்.

"அண்ணே! எம் மோட்டரு! யாருலா கட்டைய எடுத்தது?"

"கட்டையா? செடிலா அது!" என்றான் காளியண்ணன்.

தேயிலைக்குள் வண்டி தலைகுப்புற விழுந்து, ஹாரன் மாட்டிக்கொண்டு அலறியது. ஆண்டியப்பன் அதை அதட்டினான். அது கேட்கவில்லை.

திலகம் வேரை அணைத்தபடி தரையில் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு தோளால், பிறகு உடம்பு முழுவதாலும். இத்தனை சிரிப்பை இவள் எங்கே வைத்திருந்தாள் என்று காளியண்ணன் திகைத்தான். திகைப்பு முடிவதற்குள் அவனுக்கும் தொற்றிக்கொண்டது. நிற்க முடியாமல் அவள் பக்கத்தில் விழுந்தான்.

ஹாரன் ஓய்ந்ததும் அவனுக்குத் தைரியம் வந்தது.

"திலகம்... மறுபடி போயிருவியா?"

அவள் கண்ணைத் துடைத்தாள். "அம்மா தையல் மிசினத் தரமாட்டேன்னுச்சு. வாங்காம வர்றதில்லன்னு நானும் ஒக்காந்துட்டேன். அதான் இத்தன நாளு. இப்ப மிசினு டவுன்ல பஸ் நிக்கிற எடத்துல கெடக்கு. அதத் தூக்கிட்டு இன்னொரு தடவ மலையெறங்க என்னால ஆவாது சாமி."

காளியண்ணன் எழுந்தான். வேட்டியில் சேறு, தலையில் தேயிலைச் சருகு. டவுனை நோக்கி ஓடினான்.

"செருப்பு போடலீங்க!" என்று கத்தினாள் திலகம்.

அதற்குள் அவன் வளைவைத் தாண்டியிருந்தான்.