கானாவாழைக்குக் கட்டிய உறைகள்

ஏழு வருஷமாக ஒரு களையின் பின்னால் அலைகிறேன். ஒரகடத்தில் யாரைக் கேட்டாலும் அதைப் பிடுங்கிப் போடச் சொல்வார்கள். கானாவாழை. அதன் நீலப்பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் சுருண்டுவிடும்.

வடக்குப்பட்டுப் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் மதிலோரம் முளைத்தவை மட்டும் விநோதம். நான் பார்த்த மற்ற செடிகளில் செல்லுக்கு இருபத்திரண்டு குரோமோசோம். இவற்றில் முப்பத்து மூன்று. பாதியாகப் பிரியாத எண். நியாயப்படி மலடாக இருக்க வேண்டிய செடி, வெட்கமில்லாமல் விதை வைக்கிறது. மகரந்தமே சேராமல் தானாக வைக்கிறதா? இதற்குப் பதில் கிடைத்தால்தான் என் ஆய்வேடு முடியும். உதவித்தொகை மார்ச்சிலேயே நின்றுவிட்டது. கணவர் ஜோ எனக்கும் சேர்த்து ஓ.டி. பார்க்கிறார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய் மாலை, மறுநாள் விரியவிருந்த அறுபது மொட்டுகளில் மகரந்தப் பைகளைக் கிள்ளி எடுத்தேன். தேனீ வேறெங்கிருந்தாவது மகரந்தம் கொண்டுவந்துவிடக் கூடாதென்று ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட காகித உறை மாட்டி நூலால் கட்டினேன். முதுகு விட்டுப்போனது.

இன்று பிரித்துப் பார்த்தேன். நாற்பத்தொன்றில் விதை! என் வழிகாட்டி பெரியநாயகம் சாருக்குப் படம் அனுப்பினேன். “எழுத ஆரம்பிம்மா” என்று பதில் வந்தது. சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லாமல் மதிலில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

தொழிற்சாலையில் துப்புரவு வேலை பார்க்கும் முனியம்மாள் துடைப்பத்தோடு வந்தார்.

“இன்னாம்மா, எல்லாம் சரியா கீதா? நம்பர் எதுவும் மாறலியே?”

“ஏன்க்கா மாறணும்?”

“அன்னிக்கு ஆடிட்டு. ஒரு குப்பை கண்ல படக்கூடாதுன்னு டில்லிபாபு சூப்பர்வைசர் ஒரே கத்து. காலைல ஏழு மணிக்கே ஒன் கவர எல்லாம் அவுத்துட்டேன். எடுத்தத எடுத்த எடத்துல வைக்கணும்னு எங்களுக்கு ட்ரெய்னிங்கே குடுத்துகிறாங்க. சாயங்காலம் நம்பர் பாத்து ஒண்ணொண்ணா திருப்பிக் கட்டிட்டேன்.”

“என்னைக்கு?”

“நீ கட்டுன மறாநாளு. புதன்கெழம.”

அந்தப் பூக்கள் விரிந்திருந்த ஒரே காலை அது. தேனீக்களுக்கு அன்று கதவு திறந்தே கிடந்தது; எந்தப் பூவில் எந்த மகரந்தம் சேர்ந்ததோ.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவிழ்த்ததற்குக்கூட இல்லை, அதை வந்து சொன்னதற்கு. இவர் இன்று லீவு போட்டிருந்தால் நான் டாக்டர் லிடியா.

சாரைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“நீ பிரிக்கறப்ப எல்லாம் கட்டினபடியேதானேம்மா இருந்துச்சு?”

“இருந்துச்சு சார்.”

“அப்புறம் என்ன? எத்தனை வருஷம்தான் இப்படியே இழுப்ப?”

அவர் கெட்டவர் இல்லை. அவருக்கும் அலுத்துவிட்டது. சரி என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்; நாக்கு நுனிவரை வந்தது.

“அடுத்த மழைக்கு மறுபடியும் கட்டறேன் சார்” என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

நோட்டில் நாற்பத்தொன்று என்று எழுதிய பக்கத்தின் குறுக்கே கோடு போட்டேன். முனியம்மாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் எதுனா தப்பு பண்ணிட்டனாம்மா?”

“இல்லக்கா. ரொம்ப நல்லாக் கட்டியிருந்தீங்க.”

இன்றைக்கு என்னால் சொல்ல முடிந்த பொய் அந்த ‘இல்லை’ ஒன்றுதான்.