ஓசூரின் குளிர் குடிவந்த வீடு

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஓசூரின் குளிர் மொத்தமும் ராயக்கோட்டைச் சாலையில் இருந்த மாடசாமியின் வீட்டுக்குள் குடிவந்தது. அதே வாரம் தக்காளி விலை சரிந்ததால் ஊர் முதலில் தக்காளியைப் பற்றித்தான் பேசியது. எங்கள் ஊரில் மின்விசிறியே தேவையில்லை என்று விருந்தாளிகளிடம் பெருமையடித்து வந்தவர்கள், விசிறிக் கடை வாசலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வரிசையில் நின்றார்கள். மாடசாமி வீட்டுக்குள் இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு பல் கிட்ட உட்கார்ந்திருந்தார். யாராவது கதவைத் தட்டினால் கம்பளியை உதறிவிட்டு, வியர்வை போலத் தெரிவதற்காக முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வெளியே வந்து, கதவைச் சாத்திவிட்டு, "என்னா வெயிலு" என்றார்.

அவர் குளிரை அப்படி ஒளித்துவைத்ததற்குக் காரணம் இருந்தது. முந்தைய வருடம்தான் கோவிந்தன் என்ற ஓய்வுபெற்ற ஆலை மேலாளரின் தலைமையில் ஓசூர் தட்பவெப்பக் காப்புக் குழு உருவாகி, நகரம் சூடேறாமல் காக்கவும், ஏறினால் சமாளிக்கவும் ஒரு திட்டம் போட்டிருந்தது. உறுப்பினர்கள் அனைவரும் ஆலைகளில் ஓய்வு பெற்றவர்கள். வீட்டில் யாரும் அவர்கள் பேச்சைக் கேட்பதில்லை என்பதால் குழுவில் எல்லோரும் நிறையப் பேசினார்கள். பற்சக்கரங்களைப் பரிசோதிக்கும் வேலையிலிருந்து ஓய்வுபெற்ற மாடசாமி ஏழாம் அத்தியாயத்தை எழுதினார். 'குளிர் பொதுச்சொத்து, அதைத் தனக்கென்று பிடித்துவைப்பவன் ஊருக்குப் பகைவன்' என்ற வரியை ஏசி போட்ட மண்டபத்தில் தானே வாசித்து, தன் எழுத்துக்குத் தானே கண்கலங்கினார். வேறு யாரும் கலங்கவில்லை. மதிய உணவு தயாராகிவிட்டிருந்தது.

அந்த அத்தியாயத்தை அவர் எழுதியது ஊர்மீது இருந்த அக்கறையால் என்று சொல்ல முடியாது. மனைவி பார்வதி இறந்துபோன வீட்டில் மாலை நேரத்தை எதையாவது எழுதித்தான் கழிக்க வேண்டியிருந்தது. பார்வதி கோவில்பட்டிக்காரி. ஓசூருக்கு வந்த நாளிலிருந்து மங்கி குல்லாவைக் கழற்றியதில்லை. "இந்தக் குளிர்ல மனுசி இருப்பாளா? நம்ம ஊருக்கே போயிருவோம்" என்று வருடத்துக்கு ஒருமுறை கேட்பாள். "அடுத்த போனஸ் முடியட்டும்" என்பார் அவர். அவர் ஓய்வு பெற்றார். போனஸ்கள் முடிந்தன. அவளும் முடிந்துபோனாள். குல்லாவோடு அவளைப் பார்த்துச் சிரித்த கம்பெனி நண்பர்கள் எல்லோரும் சாவுக்கு வந்திருந்தார்கள்.

குளிர் குடிவந்த மறுநாள் காலை, கட்டிலில் உட்கார்ந்து மூச்சு விட்டபோது அவர் வாயிலிருந்து புகை வந்தது. அது கலைவதற்குள் பக்கத்தில், சற்றுத் தாழ்வாக, இன்னொரு புகை எழுந்தது. இரண்டு குட்டி ஊதல், ஒரு நீள ஊதல். சூடான காப்பியைப் பார்வதி அப்படித்தான் ஊதுவாள். மாடசாமி எழுந்து போய் ஜன்னல் கொக்கிகளையெல்லாம் இறுக்கினார். குளிர் போனால் இதுவும் தெரியாது என்பதைப் புரிந்துகொள்ள அவருக்கு எந்தத் திட்ட அறிக்கையும் தேவைப்படவில்லை.

குட்டு உடைந்தது ரோஜாவால். பக்கத்து வீட்டு நாகம்மாள் உத்தனப்பள்ளித் தோட்டத்து ரோஜாக்களைக் கட்டி, வண்டி வரும்வரை அவர் வீட்டுச் சுவரோரம் சாய்த்துவைப்பாள். ஊர் முழுக்கப் பூ கருகிய அந்த ஏப்ரலில் அவளுடைய கட்டுகள் மட்டும் பனி பூத்து நின்றன. அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னா சார் இது, ஊரே வேவுது, உன் வூட்ல மட்டும் மார்கழியா?" என்றவள் கட்டிலைப் பார்த்து நின்றாள். "யாரு சார் வந்துகீறாங்க?"

"யாருமில்லம்மா."

"அப்ப அந்த மூச்சு?"

"அவதான்."

"ஓ, அக்காவா," என்றாள் நாகம்மாள். "காப்பி குட்ச்சாங்களா?"

இரண்டு நாளில் குழு வந்து இறங்கியது. உள்ளே நுழைந்ததும் எல்லோருக்கும் தும்மல். கோவிந்தன் கைகளைத் தேய்த்துக்கொண்டு, "சரக்கு ஒரே இடத்துல தேங்கக் கூடாது மாடசாமி. லைன் நின்னுரும். ஏழாம் அத்தியாயம் நீங்க எழுதினதுதானே?" என்றார். மாடசாமி அந்த அத்தியாயத்தில் அச்சுப்பிழைகள் உண்டு என்றார். 'குளிர் பொதுச்சொத்து' என்ற வரியில் என்ன பிழை என்று கேட்டதற்கு, வரி முழுவதுமே பிழை என்றார். குழு ஒரு வாரம் அவகாசம் கொடுத்துவிட்டு, பத்து நிமிடம் கூடுதலாக உட்கார்ந்து குளிர்காய்ந்துவிட்டுப் போனது.

கதவைத் திறக்க வைத்தது குழு அல்ல. வாரம் முடிவதற்குள் நாகம்மாள் வந்தாள். வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"உன்ன நம்பி இந்த ஊருக்கு வந்து அக்கா ஆயுசுக்கும் நடுங்குச்சு. செத்த பொறவும் பூட்டி வெச்சு நடுங்க வெக்கறியே, நாயமா சார்?"

மாடசாமிக்கு அதுவரை இது தோன்றியதே இல்லை. பற்சக்கரத்தில் மயிரிழைப் பிசகைக் கண்டுபிடித்துக் கம்பெனியில் கேடயம் வாங்கியவர் அவர். கட்டில் பக்கம் திரும்பினார். புகை சின்னதாக, அடிக்கடி எழுந்துகொண்டிருந்தது. குளிரில் நடுங்குகிறவர்களின் மூச்சு அது. "சரிட்டி, போய்க்கோ" என்று அந்தப் புகையிடம் சொல்லிவிட்டு ஜன்னல், கதவு, கொல்லைப்புறம் எல்லாவற்றையும் திறந்தார். குளிர் அவர் கால்களை உரசிக்கொண்டு தெருவுக்கு இறங்கியது. பின்னாலேயே அந்தப் புகையும் போனது. வீடு கொதித்தது. அவர் வாசல்படியில் உட்கார்ந்து, முதல் முறையாக நிஜமாகவே வியர்த்தார்.

குழு குளிருக்கு ஷிஃப்ட் போட்டது. வேறு விதமாக யோசிக்க அவர்களுக்குத் தெரியாது. முதல் ஷிஃப்ட் பாகலூர் சாலை, இரண்டாம் ஷிஃப்ட் பேருந்து நிலையம், இரவு ஷிஃப்ட் சிப்காட். குளிரும் சங்கு ஊதினால் இடம் மாறியது. காலையில் கம்பெனி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பெண்கள் நடுவில் ஆளில்லாத ஒரு மூச்சு எழுந்தால், பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டார்கள். போச்சம்பள்ளியிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த பிரவீனா மட்டும் முதல் நாள் பயந்தாள். மறுநாள் அவளும் நகர்ந்துகொண்டாள்.

திட்டத்தில் ஒரு பிசகு இருந்தது. ஷிஃப்ட் அட்டவணை எழுதிய கோவிந்தன், கை பழக்கத்தில், ஞாயிற்றுக்கிழமை குளிருக்கு வார விடுமுறை என்று எழுதிவிட்டார். அட்டவணையைப் படித்துப் பார்த்த யாருக்கும் அது பிசகாகத் தெரியவில்லை. முதல் ஞாயிறு காலை ஊர் அடுப்பாகக் காய்ந்தபோது, மாடசாமியின் திறந்த கதவு வழியாகக் குளிர் உள்ளே வந்தது. விடுமுறையில் வீட்டுக்குத்தானே வர வேண்டும். பின்னாலேயே இரண்டு குட்டி ஊதலும் ஒரு நீள ஊதலும் வந்தன.

"கதவு தொறந்துதான் கெடக்கு. எப்ப வேணும்னாலும் போய்க்கலாம்" என்றார் மாடசாமி. மூச்சு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தது. அவர் இரண்டு டம்ளர் காப்பி போட்டார்.

அதன்பின் ஓசூரில் எல்லா ஞாயிறும் அப்படித்தான். ஊர் வெந்தது, ஆனால் ராயக்கோட்டைச் சாலை வீட்டுக் கதவை ஒருவரும் தட்டவில்லை. வார விடுமுறையில் இருப்பவர்களைத் தொந்தரவு செய்வது அந்த ஊரில் வழக்கமில்லை.