கச்சான் எந்த மாதம் வரும்?

கனடாவிலிருந்து ஒரு பெட்டி வந்தால் அதற்குள் என்ன இருக்க வேண்டும் என்பதில் தண்ணீரூற்று ஊரில் இரண்டு கருத்து இருந்ததில்லை. சட்டைத்துணி, சவர்க்காரம், தலையிடிக் குளிசை, முடிந்தால் ஒரு ரோச் லைற். ரஜிதனின் ஒன்றுவிட்ட அண்ணன் அனுப்பிய பெட்டியில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. ஒரு வட்டப் பலகை, நிறம் நிறமான காய்கள், இரண்டு தாயக்கட்டை, ஆயிரத்துக்குக் குறையாத கேள்வி அட்டைகள். அவ்வளவுதான்.

"அவனுக்கென்ன விசரோ?" என்றார் ரஜிதனின் அப்பா மயில்வாகனம்.

ஆனால் மாலைக்குள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் ஆளாகப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவரும் அவர்தான். தொண்ணூற்றைந்தாம் ஆண்டு தை மாதம் அது. போர் நின்று பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்தது, வானத்தில் விமானச் சத்தம் இல்லை. சனங்களுக்கு எதற்கும் ஓடாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கக் கிடைத்த நேரம். அந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் எல்லோரும் கொஞ்சம் தடுமாறிக்கொண்டுதான் இருந்தார்கள்.

முதல் நாள் ஆட்டம் படுதோல்வி. அட்டைகள் எல்லாம் இங்கிலீசில் இருந்தன. பனியில் வழுக்கி விளையாடும் விளையாட்டில் எந்த ஊர்க்காரர் எந்த ஆண்டு வென்றார்கள் என்று ஒரு அட்டை கேட்டது. தொலைக்காட்சியில் வந்த ஒரு நாயின் பெயரை இன்னொன்று கேட்டது. மயில்வாகனம் அகராதியைப் புரட்டிக் கேள்விக்கு அர்த்தம் கண்டுபிடித்து முடிக்கும்போது ரஜிதன் கதிரையிலேயே நித்திரையாகிவிடுவான். ஒரு பின்னேரம் முழுவதும் ஒருவருக்கும் ஒரு புள்ளியும் இல்லை.

"எங்கட கேள்வியை நாங்களே எழுதுவம்" என்று சொன்னவள் ரஜிதனின் மனைவி ஆன்சலா.

ரஜிதன் கூட்டுறவுக் கடையில் வேலை செய்தான். அங்கிருந்து பழைய பிஸ்கட் பெட்டிகளைக் கொண்டுவந்தான். ஆன்சலா அவற்றை வெட்டினாள். ஆளுக்கொரு கட்டு அட்டை. வாய்க்கால், வயல், அரசர்கள் பற்றி மயில்வாகனம் எழுதினார். மாமி விமலேஸ்வரி சமையலையும் சாமி கதைகளையும் எழுதினார். ஆன்சலா கடலைப் பற்றி எழுதினாள். அவள் முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவள். அப்பா இராயப்பு மீன் பிடிக்கிறவர்.

அந்த இராயப்புவால்தான் ஆன்சலாவுக்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஒவ்வொன்றும் பாரமாக இருந்தன. கலியாணம் பதிவுக் கந்தோரில் நடந்தது. தேவாலயத்தில் சாமியார் முன்னால் நடக்காத கலியாணம் இராயப்புவுக்குக் கலியாணமே இல்லை. மகளோடு அவர் கோபிக்கவில்லை, பேசாமல் விடவுமில்லை. "அந்த வீட்டில நான் கை நனைக்க மாட்டன்" என்று மட்டும் சொன்னார். சொன்னதைச் செய்தும் காட்டினார். ஞாயிறு பூசை முடிந்ததும் சைக்கிளில் மீன் கொண்டுவருவார். வேலிப் படலைக்கு வெளியே நின்று மணி அடிப்பார். பையை மகளின் கையில் கொடுப்பார், சுகம் கேட்பார், திரும்பிவிடுவார். மயில்வாகனம் விறாந்தையிலிருந்து எட்டிப் பார்த்து ஒரு தலையாட்டல். இவரும் ஒரு தலையாட்டல். சம்பந்திகளுக்குள் அதுவே பெரிய பேச்சு. தன் அப்பா தன் வீட்டில் ஒரு வாய் சோறு தின்னாமல் திரும்பிப் போவதைப் பார்த்துப் பார்த்து, வாங்கிய மீனை ஆயும்போது ஆன்சலா அழுதிருக்கிறாள். வெங்காயம் என்று சொல்வாள். மாமி நம்பியதுபோல் இருந்துவிடுவார்.

மாசி பிறப்பதற்கு முந்திய ஞாயிறு ஒன்றில் அது மாறியது. இராயப்பு வந்து மணியடித்த நேரம் உள்ளே ஆட்டம் சூடாக நடந்துகொண்டிருந்தது. "நண்டுக்கு எத்தனை கால்?" என்று ரஜிதன் அட்டையை வாசித்தான்.

"எட்டு" என்றார் மயில்வாகனம், கண்ணை மூடிக்கொண்டு.

"பத்து!" என்று வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல் வந்தது.

எல்லோரும் திரும்பினார்கள். இராயப்பு தன் வாயிலிருந்து வந்த சத்தத்துக்குத் தானே திடுக்கிட்டதுபோல் நின்றார்.

"முன்னுக்கு இருக்கிறது கை" என்றார் மயில்வாகனம், அவரைப் பார்க்காமல், காற்றைப் பார்த்து.

"கடிபட்டுப் பாத்தாத் தெரியும், கையோ காலோ எண்டு" என்றார் இராயப்பு, அவரும் காற்றைப் பார்த்து. அட்டையின் பின்பக்கம் பத்து என்றுதான் இருந்தது. அன்று அவர் உடனே திரும்பிப் போகவில்லை. ஒரு காலை நிலத்தில் ஊன்றி, சைக்கிளில் இருந்தபடியே இன்னும் ஏழெட்டுக் கேள்விகளைக் காதில் வாங்கிவிட்டுத்தான் போனார்.

அடுத்த ஞாயிறு விமலேஸ்வரி ஒன்றும் சொல்லாமல் மேசையை விறாந்தையிலிருந்து இழுத்துக்கொண்டுபோய்ப் படலைக்குப் பக்கத்தில் முருங்கை நிழலில் போட்டார். வீட்டுக்குள் புழுங்குகிறதாம். இராயப்புவுக்கென்று ஒரு சிவப்புக் காய் ஒதுக்கப்பட்டது. தாயக்கட்டையைப் படலைக்கு மேலால் நீட்டுவார்கள். அவர் சைக்கிள் இருக்கையில் அதை உருட்டிவிட்டு எண்ணைச் சொல்வார். ஆன்சலா காயை நகர்த்துவாள். உலகத்தில் வேறெங்காவது ஒரு மனுசன் வேலிக்கு வெளியே நின்று இப்படி விளையாடியிருப்பானா என்று தெரியவில்லை. றோட்டால் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மாமி தேத்தண்ணியை நீட்டினால் மட்டும், "இப்பதான் குடிச்சனான்" என்பார்.

ஆட்டம் என்றால் சும்மா ஆட்டமில்லை. பொறுமையைச் சோதிக்கிற ஆட்டம். மயில்வாகனத்துக்கு எல்லா விடையும் தெரியும், ஆனால் எல்லாம் நாக்கு நுனியில் நிற்கும். "பொறுங்கோ, பொறுங்கோ, வருகுது" என்று அவர் கையை உயர்த்தினால் அடுப்பில் ஒரு பானை சோறு வெந்துவிடும். விமலேஸ்வரிக்கு ஒருவர் முழிப்பதைப் பார்க்கச் சகிக்காது. எதிர்ப்பக்கமோ சொந்தப்பக்கமோ, "அதுதான், க-வில தொடங்குமே" என்று எடுத்துக் கொடுத்துவிடுவார். ரஜிதன் மற்றவர்கள் எழுதும்போது எட்டிப்பார்த்து விடையை மனப்பாடம் செய்தான். "அளாப்பாதை, கள்ள விளையாட்டு!" என்று எல்லோரும் கத்துவார்கள். இராயப்பு தன் முறை வரும்வரை பொறுக்கமாட்டார், மற்றவரின் கேள்விக்கெல்லாம் வெளியிலிருந்து விடையைப் போட்டுடைப்பார். ஒவ்வொரு ஞாயிறும் இனி இந்த விசர் விளையாட்டே வேண்டாம் என்று எழும்பினார்கள். ஒவ்வொரு சனியும் புதுக்கேள்வி எழுதினார்கள்.

ஆன்சலா பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பாவின் முன் சில்லு ஒவ்வொரு வாரமும் படலைக்குக் கொஞ்சம் கிட்ட வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு முழம்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் அந்த அட்டை வந்தது. அவளே எழுதிய அட்டை.

"கச்சான் எந்த மாதம் வரும்?" என்று ரஜிதன் வாசித்தான். முறை இராயப்புவுடையது. சரியாகச் சொன்னால் வெற்றி.

"வைகாசி" என்றார் இராயப்பு, யோசிக்காமலே.

மயில்வாகனம் சிரித்தார். "வைகாசியோ? மாசியில வாறது. நேத்தும் புடுங்கினனான். அங்கை முத்தத்தில காயுது, பாருங்கோ."

"வைகாசியிலதான் தொடங்கும். ஆவணி மட்டும் நிக்கும்."

"ஆவணியிலையோ! ஆவணியில எங்கை நிக்கிறது? மண்ணுக்கு மேலையோ கீழையோ?"

வன்னியில் நிலக்கடலைக்கும் கச்சான் என்றுதான் பேர். கரையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பேர். கடற்கரைக்காரிக்குக் கச்சான் என்றதும் காற்றுத்தான் நினைவு வரும், அதனால் 'காற்று' என்று எழுத அவளுக்குத் தோன்றவில்லை. இப்போது எல்லாம் விளங்கி, "மாமா, அது..." என்று அவள் வாயெடுத்தாள். அதற்குள் மயில்வாகனத்தின் வாய் முந்திக்கொண்டது.

"கடலுக்குப் போறவைக்கு மண்ணைப் பற்றி என்ன தெரியும்? எங்களோடை சரிக்குச் சரி இருந்து கதைக்கிறதுக்கும் ஒரு தகுதி வேணும்."

விமலேஸ்வரி தலையில் கை வைத்தார். மயில்வாகனத்துக்கும் தான் என்ன சொன்னோம் என்பது அடுத்த நொடியே விளங்கியிருக்க வேண்டும், முகம் சுண்டிப்போனது. ஆனால் சொன்ன வார்த்தையை மண்வெட்டியால் வாரி எடுக்க முடியாது. இராயப்பு தாயக்கட்டையைப் படலையின் மேல் கவனமாக வைத்தார். சைக்கிளைத் திருப்பினார்.

"அப்பா, அது காத்தைப் பற்றின கேள்வி! நீங்கள் சொன்னது சரி!" என்று ஆன்சலா ஓடினாள்.

"தெரியும் பிள்ளை. நான் சொன்னது சரியெண்டு எனக்குத் தெரியும்" என்றார் அவர். திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிறு மீன் வந்தது, பக்கத்து வீட்டுக்காரர் வீரகத்தியின் கையில். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான்.

மேசை திரும்பவும் விறாந்தைக்குப் போனது. மயில்வாகனம் விளையாடினார், வென்றார். பத்துக் காலா எட்டுக் காலா என்று கேட்க ஆளில்லை. அவர் சொன்னதெல்லாம் சரி. மறுபடியும் வென்றார். வென்ற காயைக் கையில் வைத்துக்கொண்டு அதைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார். அவருக்கு அந்த வெற்றி உப்பில்லாத கஞ்சியாக இருந்ததை முகமே சொன்னது.

"எல்லாம் கேள்வி எழுதினவையின்ரை பிழை. ஒழுங்கா எழுதியிருந்தா இந்தப் பிரச்சினை வந்திராது" என்றார் கடைசியில்.

ஆன்சலா அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மாமாவை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்று பேசினாள்.

"ஓம் மாமா, கேள்வி பிழைதான். காத்தெண்டு நான் எழுதேல்லை. ஆனா நீங்கள் அவருக்குச் சொன்னது கேள்வியுமில்லை, விடையுமில்லை. ஒண்டரை வருசமா என்ரை அப்பா இந்தப் படலைக்கு உள்ளை வர வேணுமெண்டு நான் கும்பிடாத நாளில்லை. இன்னும் ஒரு முழம்தான் இருந்தது. அதை நீங்கள் கெடுத்துப்போட்டியள்."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். ரஜிதன் பின்னால் வந்து அவள் தோளைத் தொட்டான். வெளியே மயில்வாகனம் காய்களைப் பெட்டிக்குள் போடுகிற சத்தம் கேட்டது.

ஞாயிறு விடிந்தபோது மயில்வாகனத்தின் சைக்கிளைக் காணவில்லை. வயலுக்குப் போயிருப்பார் என்றார் மாமி. வயலுக்கு யாரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போவதில்லை என்பது மாமிக்கும் தெரியும். பூசை முடிகிற நேரம் போனது. மீனும் வரவில்லை. ஆன்சலா சோற்றை வடித்துவிட்டு, ஆணக் குழம்பையும் தேங்காய்ப்பால் விட்டு இறக்கி வைத்துவிட்டுச் சும்மா நின்றாள்.

வெயில் உச்சிக்கு ஏறும்போது முதலில் சத்தம்தான் வந்தது. றோட்டு முடக்கிலிருந்து இரண்டு ஆண்கள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டு வந்தார்கள். அவள் பதறிப்போய் வெளியே ஓடினாள். இரண்டு சைக்கிள்கள் பக்கம் பக்கமாக வந்துகொண்டிருந்தன. மீன்பை மயில்வாகனத்தின் சைக்கிளில் தொங்கியது.

"நீர் சொன்ன கதை பிழையெண்டு நீரே கடற்கரையில வந்து, எல்லாருக்கும் முன்னால சொன்னனீர். அதை நான் ஏற்றனான். அது முடிஞ்சுது!" என்று கத்தினார் இராயப்பு. "ஆனா ரெண்டு பேருக்கும் புள்ளியெண்டா ஏற்கேலாது!"

"ஏன் ஏற்கேலாது? கச்சான் ரெண்டு! விடையும் ரெண்டு!"

"முறை என்ரை முறை! உம்மட்டை ஆர் கேட்டது?"

"கேள்வி பிழையெண்டா முறையும் பிழை!"

"அளாப்பிறீர்! இவ்வளவு வயசுக்கு அளாப்பிறீர்!"

படலை திறந்துதான் கிடந்தது. மயில்வாகனத்தின் சைக்கிள் உள்ளே வந்தது. இராயப்புவின் சைக்கிளும் அதற்குப் பக்கத்தில், ஒரு விரல் இடைவெளியும் விடாமல், சண்டையின் வேகத்திலேயே உள்ளே வந்தது. அவர் இறங்கி அதை முருங்கையில் சாத்தினார், வாய் ஓயவேயில்லை. விமலேஸ்வரி ஆன்சலாவின் கையை இறுக்கிப் பிடித்தார். மூச்சு விடாதே என்று அதற்கு அர்த்தம்.

"எழுதினவள் நிக்கிறாள். அவளிட்டையே கேப்பம்" என்று இராயப்பு மகளைப் பார்த்தார். "சொல்லு பிள்ளை. ஆருக்குப் புள்ளி?"

ஆன்சலா விறாந்தையைக் காட்டினாள். "சாப்பிடுங்கோ. சாப்பிட்டாப் பிறகுதான் தீர்ப்பு" என்றாள்.

மாமி அதற்குள் இரண்டு சாப்பாட்டுக் கோப்பைகளில் சோறு போட்டிருந்தார். மயில்வாகனம் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். இராயப்பு செம்பை வாங்கிக் கையில் தண்ணீரை ஊற்றினார்.

ஊற்றியவர் அப்படியே நின்றார். ஈரக்கையைப் பார்த்தார். விறாந்தையைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், தூரத்தில் திறந்து கிடந்த படலையைத் திரும்பிப் பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மயில்வாகனம்கூடச் சோற்றைத் தொடாமல் காத்திருந்தார். இவ்வளவு நேரம் அவர் இன்னொருவரின் விடைக்குக் காத்திருந்ததில்லை.

இராயப்பு மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து உட்கார்ந்தார்.

"ரெண்டு பேருக்கும் எண்டு மட்டும் சொல்லிப்போடாதை" என்று சொல்லிவிட்டுச் சோற்றில் கை வைத்தார்.

ஆன்சலா அவருக்கு ஆணம் ஊற்றினாள். பாதி மேசையில் சிந்தியது. அவள் அதைத் துடைக்கவுமில்லை, கண்ணைத் துடைக்கவுமில்லை. அவர் முதல் பிடியை வாயில் வைத்து விழுங்கும்வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.